தீ மூட்டாத நாள்

பெற்ற உதவியை மறந்தவர்களைப் பற்றி உலகம் நிறையப் பேசியிருக்கிறது. மறக்க முடியாமல், அதைத் திருப்பிக் கொடுத்தே தீருவோம் என்று துடிப்பவர்கள் இழைக்கும் தீங்கைப் பற்றி அவ்வளவாகப் பேசுவாரில்லை. எங்கள் அண்ணனுக்குத் தம்பி தங்கையராய்ப் பிறந்த நாங்கள் மூவரும் அந்த இரண்டாம் வகையினர். இதனை எங்களுக்கு உணர்த்தியது அறிவுரை அன்று. சீன நாட்டின் ஒரு மலை.

எங்களுள் இளையவளான தங்கையின் மகள், ஷான்ஸி மாநிலத்தின் தலைநகரான தைய்யுவானில் மருத்துவம் பயில்கிறாள். அவளைக் காணச் சென்றிருந்தோம். ஏப்ரல் மாதத் தொடக்கம். முன்னோரின் கல்லறைகளைத் தூய்மை செய்து வணங்கும் ச்சிங்மிங் திருநாளுக்கு முந்திய நாள். "மியான்ஷான் மலைக்கு இன்றைக்குத்தான் போகவேண்டும்" என்று அவள் வற்புறுத்தினாள். காரணத்தை மட்டும் சொல்லவில்லை. புறப்படும்போது வழியுணவாக ஆறிப்போன கோதுமை அப்பங்களையே எடுத்துக்கொண்டாள். சூடாக ஏதேனும் வாங்கலாமே என்றோம். "இன்றைக்கு வேண்டாம்" என்றாள்.

தொடர்வண்டியில் தெற்கு நோக்கிச் சென்று ஜியேஷியூ என்னும் ஊரில் இறங்கினோம். ஷான்ஸி நிலக்கரிக்குப் பெயர்பெற்ற மாநிலம். சீனத்தின் அடுப்புகளும் ஆலைகளும் எரிவதற்கு அது கரியை வாரி வழங்குகிறது. அங்கிருந்து பேருந்தில் சற்று நேரம் சென்றால் மலை எழுகிறது. 2,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்த முகடுகள். நடுவே ஆழ்ந்த பள்ளத்தாக்கு. செங்குத்தான பாறையின் இடுப்பைச் சுற்றிக் கட்டிய கயிறுபோல் சாலை வளைந்து செல்கிறது. அதன் ஓரமாய், பாறையோடு பாறையாய் ஒட்டிக்கொண்டு, புத்தக் கோவில்களும் தாவோ நெறிக் கோவில்களும் நிற்கின்றன. கீழே பார்த்தால் தலை சுற்றுகிறது. மேலே பார்த்தால் கழுத்து வலிக்கிறது.

அவற்றுள் யுன்ஃபெங் கோவில் எங்களை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. மலைச்சுவர் உட்குழிந்து மாபெரும் குகைவாயாகத் திறந்திருக்கிறது. அதற்குள் ஏறத்தாழ 200 அறைகளும் மண்டபங்களும் அடங்கியிருக்கின்றன. வயிற்றோடு அணைத்த பாறை என்று அதற்குப் பெயர். பிள்ளையை மடியில் வைத்துக் குனிந்திருக்கும் தாயைப் போல அப்பாறை கோவிலின்மேல் கவிந்திருக்கிறது. இக்கட்டடங்கள் பழைமையின் தோற்றம் கொண்டவை. ஆயினும் பெரும்பாலானவை புதியவை. ஜப்பானியருடன் நடந்த போரின்போது மலைக்கோவில்கள் தீக்கிரையாயின. 1990-களின் நடுவிலிருந்துதான் அவை மீண்டும் எழுந்தன.

பாறையின் உச்சி விளிம்பிலே சிறுசிறு மணிகள் தொங்கின. வேண்டுதல் நிறைவேறியவர்கள் செலுத்தும் காணிக்கை அவை. மலையேறப் பழகியவர்கள் கயிற்றில் தொங்கி, உயிரைப் பணயம் வைத்து அவற்றைக் கட்டுகிறார்கள். காற்று வீசும்போதெல்லாம் யாரோ ஒருவருடைய நன்றி அந்தரத்தில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. எங்களுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அண்ணன் பெயரால் நாமும் ஒரு மணி கட்டச் சொல்வோமா என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். தங்கையின் மகள் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. "முதலில் இந்த மலைக்கு உரியவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று மட்டும் சொல்லி, ஜியே ஸிதுய் என்பவரின் கோவிலுக்கு அழைத்துச் சென்றாள். அங்கே நின்றுதான் கதையைச் சொன்னாள்.

கி.மு. 7-ஆம் நூற்றாண்டு. ஜின் நாட்டு இளவரசன் சொங்அர், அரண்மனைச் சூழ்ச்சிக்குத் தப்பி 19 ஆண்டுகள் நாடு நாடாக அலைந்தான். பசியால் வாடி ஓர் உழவனிடம் உணவு கேட்டபோது அவன் ஒரு மண்கட்டியைக் கொடுத்தானாம். உடன் சென்ற சிலருள் ஜியே ஸிதுய்யும் ஒருவர். தலைவன் பசியால் மயங்கிய வேளையில், தம் தொடைச் சதையை அரிந்து, காட்டுக் கீரையோடு சேர்த்துக் காய்ச்சி ஊட்டினார் என்று கதை கூறுகிறது. கி.மு. 636-இல் சொங்அர் அரசனானான். உடன் வந்தோரெல்லாம் பரிசு கேட்டார்கள், பெற்றார்கள். ஜியே கேட்கவில்லை, அரசனும் நினைக்கவில்லை. அவர் தம் முதிய தாயோடு இந்த மலைக்குள் போய்விட்டார்.

பின்னர் நினைவு வந்தது அரசனுக்கு. வெட்கமும் வந்தது. தேடி வந்தான், அழைத்தான், அவர் வரவில்லை. நெருப்பு வைத்தால் தாயைக் காப்பதற்காவது வெளியே வருவார் என்று யாரோ சொல்ல, மலையின் மூன்று புறமும் தீ மூட்டி ஒரு புறத்தைத் திறந்து வைத்தான். மூன்று நாள் எரிந்தது காடு. அவர் வரவில்லை. கருகிய மரத்தடியில் தாயும் மகனும் கிடந்தார்கள். அந்த நாளில் எவரும் தீ மூட்டலாகாது என்று அரசன் ஆணையிட்டான். அதுவே குளிர் உணவு நாள். மாரிக்காலக் கதிர்த்திருப்பத்திலிருந்து எண்ணினால் 105-ஆம் நாள். எரிந்த மரத்தின் கட்டையில் மிதியடி செய்து அணிந்துகொண்டு, ஒவ்வோர் அடியிலும் குனிந்து பார்த்துப் பெருமூச்செறிந்தானாம் அரசன். மதிப்புக்குரிய ஒருவரைக் 'காலடி' என்ற சொல்லால் விளிக்கும் சீன வழக்கம் அதிலிருந்தே வந்ததென்று ஒரு பழங்கதை. பெரியோரை 'அடிகள்' என்றழைக்கும் நமக்கு அச்சொல் அந்நியமாகத் தோன்றவில்லை.

கதை முடிந்தது. எங்களுள் எவரும் எவர் முகத்தையும் பார்க்கவில்லை. ஏனெனில் நாங்கள் மூவரும் ஒரே வீட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் தந்தை இறந்தபோது அண்ணனுக்குப் பதினாறு வயது. பள்ளியை விட்டு உப்பளக் கூலிக்குப் போனார். எங்கள் மூவரையும் கல்லூரி வரை படிக்க வைத்தார். தமக்கென ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. அவருடைய கால்களில் உப்புநீர் அரித்த தழும்புகள் இன்றும் உண்டு. அவற்றைத் தின்றுதான் நாங்கள் வளர்ந்தோம் என்றால் மிகையாகாது. நாங்கள் வசதி பெற்ற பின், பழைய ஓட்டு வீட்டை இடித்து நல்ல வீடாகக் கட்டித் தருகிறோம் என்று பலமுறை கேட்டோம். பலமுறையும் வேண்டாமென்றார். எங்களுக்கோ அவருடைய மறுப்பு தன்னடக்கமாகவே பட்டது. ஊரார் எங்களை நன்றி கெட்டவர்கள் என்று நினைப்பார்களே என்ற கூச்சமும் இருந்தது. அதை இங்கே மறைப்பதற்கில்லை. ஓராண்டு அவர் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போயிருந்தபோது வீட்டை இடித்தோம்.

இடிபாடுகளோடு அம்மாவின் மண் அடுப்பும் போயிற்று. அம்மாவுக்குப் பின் அண்ணன் எங்களுக்குச் சோறாக்கிப் போட்ட அடுப்பு அது. திரும்பி வந்தவர் நெடுநேரம் நின்று பார்த்தார். திட்டவில்லை. "நல்லா இருக்கட்டும்" என்றார். புது வீடு எழுந்தது; பளிங்குத் தரையும் எரிவாயு அடுப்பும் வந்தன. அவர் கொல்லையில் ஓர் ஓலைச்சார்ப்பு இறக்கி, மூன்று கல் கூட்டி, அதிலே சமைத்துக்கொண்டார். ஒன்பது ஆண்டுகளாக அந்தப் புதுச் சமையலறையில் தீ மூட்டப்படவே இல்லை. அவருக்குப் பிடிவாதம் என்று நாங்கள் குறைகூறிக்கொண்டிருந்தோம். ஒரு புறம் திறந்துதானே வைத்தோம், ஏன் வரவில்லை என்று அரசனும் கேட்டிருப்பான் அல்லவா?

கோவில் வாசற்படியில் அமர்ந்து ஆறிய அப்பங்களை உண்டோம். அவை தொண்டையில் இறங்கவில்லை.

பின்னர் இந்தக் கதையின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது இரண்டு செய்திகள் எங்களைத் தொட்டன. ஜியேயைப் பற்றிய மிகத் தொன்மையான பதிவு 'ஸுவோ சுவான்' என்னும் வரலாற்று நூலில் இருக்கிறது. அதில் தொடைச் சதையும் இல்லை, நெருப்பும் இல்லை. அரசன் தேடினான், கிடைக்கவில்லை. ஒரு நிலத்தை ஜியேயின் பெயருக்கு ஒதுக்கி, தன் பிழைக்கு அடையாளமாகவும் நல்லவர் ஒருவருக்குச் சிறப்பாகவும் அதனை அறிவித்தான். அவ்வளவே. நெருப்பைப் பின்னால் வந்த மக்கள் மூட்டினார்கள். நன்றி அளவு மீறினால் என்ன ஆகுமென்று அவர்கள் அறிந்திருந்தார்கள் போலும்.

மற்றொன்று, அரசனின் குற்றவுணர்வுக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பது. ஹான் பேரரசின் காலத்தில் தைய்யுவான் பகுதி மக்கள் ஜியேயின் ஆவிக்கு அஞ்சி, கடுங்குளிர் காலத்திலே ஒரு மாதம் முழுவதும் அடுப்பு மூட்டாமல் இருந்தார்கள். முதியோரும் குழந்தைகளும் ஆண்டுதோறும் மாண்டார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அப்பகுதியின் ஆளுநராக வந்த சோ ஜூ என்பவர் தண்டனை எதுவும் விதிக்கவில்லை. இறந்துபோன ஜியேக்கு ஓர் இரங்கல் மடல் எழுதி, அவருடைய கோவிலிலேயே வைத்தார். நடுக்குளிரில் நெருப்பை விலக்கி மக்களைச் சாகவிடுவது சான்றோராகிய உம் விருப்பமாக இருக்க முடியாது என்பது அம்மடலின் கருத்து. மக்களையும் சுடுசோறு உண்ணச் சொன்னார். பலர் கேட்டார்கள். ஆயினும் வழக்கம் முற்றாக ஒழியவில்லை. கி.பி. 206-இல் சாவ் சாவ் என்ற தலைவர், குளிர் உணவு கொள்ளும் குடும்பத் தலைவருக்கு ஆறு மாதத் தண்டனை என்று ஆணையிட்டார். நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அந்நோன்பு சில நாளாகச் சுருங்கி, ச்சிங்மிங் திருநாளோடு கலந்துவிட்டது.

ஆணையைவிட அந்த மடல்தான் எங்கள் நெஞ்சில் நின்றது. இறந்தவரிடம் போய், உமக்கு என்ன வேண்டும் என்று கேட்ட முதல் மனிதர் சோ ஜூவாக இருக்கக்கூடும். அரசன் கேட்கவில்லை, அழைக்க மட்டுமே செய்தான். நாங்களும் கேட்கவில்லை, கொடுக்க மட்டுமே செய்தோம். எங்களுக்கோ கேட்கவேண்டியவர் இன்னும் உயிரோடு இருக்கிறார்.

மலையில் மணி கட்டவில்லை. ஊர் திரும்பியதும் மூவருமாக அண்ணனிடம் போனோம். மலையைப் பற்றிச் சொன்னோம். தொங்கும் கோவிலைப் பற்றிச் சொன்னோம். தீயைப் பற்றியும் சொன்னோம். வீட்டை இடித்தது எங்கள் பிழை என்று எங்களில் மூத்தவன் தொடங்கினான், முடிக்க முடியவில்லை. அண்ணன் தலையைத் திருப்பி அடுப்பைப் பார்த்தார். ஓலைச்சார்ப்பின் கீழே மூன்று கல்லின்மேல் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு என்ன வேணும்ணே?" என்று தங்கை கேட்டாள். எத்தனையோ ஆண்டுகளுக்குப் பின் எங்களுள் ஒருவர் அவரிடம் கேட்ட கேள்வி அது.

அவர் பதில் சொல்லவில்லை. சோற்றை வடித்தார். நான்கு தட்டுகளைக் கழுவி எடுத்து வந்தார்.

"சோறு ஆறிடும். உட்காருங்க" என்றார்.

மண்தரையில் உட்கார்ந்தோம்.