பீங்கான் கட்டைக்குள் முறுக்கிய கம்பி

சென்னை பெரும்பாக்கத்துப் பழைய வீடுகளில் மெயின் போர்டு என்றால் இன்னும் சில இடங்களில் வெள்ளைப் பீங்கான் ப்யூஸ் கட்டைதான். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் உள்ளே கரி. மெல்லிய ப்யூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில், ஒயரில் உரித்த செம்பு இழைகள் நாலைந்தை முறுக்கிக் கட்டியிருப்பார்கள். “அடிக்கடி போய்டுது சார், அதான்!”

போவதுதான் அதன் வேலை.

ஃபேனுக்கும் குண்டு பல்புக்கும் இழுத்த லைன் அது. இன்று அதே லைனில் 2000 வாட் கீசர். 230 வோல்ட்டில் அது மட்டுமே 9 ஆம்பியருக்குக் கொஞ்சம்தான் குறைவு. கட்டையில் கம்பி தடித்துவிட்டால் அது உருகாது, சுவருக்குள் ஒயர்தான் சூடேறும். தீ அங்கேதான் பிடிக்கும்.

ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹுகோ ஸ்டோட்ஸின் நிறுவனம் 1924-ல் காப்புரிமை பெற்ற சிறிய சர்க்யூட் பிரேக்கரின் வழிவந்ததுதான், இந்தக் கட்டைக்குப் பதிலாக இன்று வைக்கும் எம்சிபி. லோடு ஏறினாலும் ஷார்ட் ஆனாலும் தானே விழும். ஆனால் ஷாக் அடிக்கும் ஆளை அது காப்பாற்றாது. உடம்பு வழியே போகும் மின்சாரம் அதை விழவைக்கப் போதாது. அதற்கு ஆர்சிசிபி வேண்டும். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும்.

பெரும்பாக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய ஊர், 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊர். இங்கே தரையோரம் பிளக் பாயின்ட் வைத்த வீட்டுக்கு ஆர்சிசிபி ஆடம்பரமே இல்லை. அதில் ‘டி’ என்றொரு சின்னப் பட்டன் இருக்கும். மின்சாரம் இருக்கும்போது அதை அழுத்தினால் சுவிட்ச் விழ வேண்டும். விழவில்லையென்றால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.