பெயரும் முகவரியும்

திருமுழுக்குப் பதிவேட்டில் ஓரெழுத்துப் பிழைத்தால், இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துத் திருமணத்துக்குச் சான்றிதழ் கேட்டு வரும் பிள்ளை அலுவலக வாசலில் கையைப் பிசைந்து நிற்க நேரும். ஆதலால் பெற்றோரைப் பெயரை இருமுறை உரக்கச் சொல்லச் செய்வது என் வழக்கம். பெயரெழுத என்னிலும் அஞ்சுகின்ற ஒருவரைச் சென்ற தவக்காலத்தில் கண்டேன்.

அவர் எங்கள் பங்கைச் சார்ந்த இளைஞர். ஒரு தொழிற்சாலையில் கருவிப் பிரிவுப் பொறியாளர். (இது ஒப்புரவு இருக்கையில் கேட்டதன்று; ஆலய முற்றத்து வேப்பமரத்தடியில் பேசியது. எழுத அவரே இசைந்தார்.) தொட்டிகளிலும் குழாய்களிலும் பொருத்தப்பட்ட உணர்கருவிகள் அனுப்பும் அளவுகளைக் கணினி திரட்டுகிறது. ஒவ்வோர் அளவுக்கும் ஒரு பெயர் சூட்ட வேண்டும். அதனை 'டேக்' என்கிறார்கள். எல்.டி. 201 என்றால் முதலெழுத்து நீர்மட்டத்தையும், இரண்டாவது அதனை அனுப்பும் கருவியையும், எண் அது எந்தக் கருவி என்பதையும் குறிக்கும். அழுத்தத்துக்குப் பி, ஓட்டத்துக்கு எஃப். அமெரிக்கக் கருவியியல் கழகம் 1949இல் வெளியிட்ட நெறிமுறையிலிருந்து வளர்ந்த வழக்கு இது. இலத்தீன் வேற்றுமைகளை மனனம் செய்து வளர்ந்த எனக்கு இவ்விலக்கணம் பிடித்துப்போயிற்று.

பெயர் மட்டும் போதாது. எந்த முகவரியிலிருந்து அளவு வருகிறது, எந்த அலகில், எவ்வளவு தொடங்கி எவ்வளவு வரை என்பனவும் பதியப்பட வேண்டும். கருவி அனுப்பும் மின்னோட்டம் பெரும்பாலும் 4 முதல் 20 மில்லி ஆம்பியர். தொட்டி வெறுமையாயிருந்தாலும் 4 வரும். சுழியம் வந்தால் கம்பி அறுந்துவிட்டதென்று பொருள். 'ஒன்றுமில்லை' என்பது வேறு, 'ஒன்றும் தெரியவில்லை' என்பது வேறு! இதை மறையுரைக்கு எடுத்து வைத்துக்கொண்டேன் என்பதை ஒளிப்பானேன்?

அவருடைய துயரம் இதுதான். இரண்டு வெந்நீர்த் தொட்டிகள். முதலாவதற்குரிய பதிவை முடித்தவர், அதையே நகலெடுத்து, பெயரை மட்டும் 202 என மாற்றினார். முகவரியை மாற்ற மறந்தார். திரையில் இரண்டு பெயர்கள். இரண்டும் காட்டியதோ முதல் தொட்டியை. இரண்டும் ஒருசேர நிரம்பி ஒருசேர வடிந்ததால் வாரக்கணக்கில் யாரும் ஐயுறவில்லை. ஓரிரவு முதல் தொட்டியைக் கழுவ வடித்தார்கள். இரண்டாவதும் காலியென்று திரை சொல்லிற்று. பணியிலிருந்தவர் அதற்கு நீரைத் திறந்துவிட்டார். நிறைந்திருந்த தொட்டி வழிந்து, கீழே நின்ற தொழிலாளி ஒருவரின் பாதங்கள் வெந்தன.

திறந்துவிட்டவரே குற்றவாளியென்று விசாரணை முதலில் முடிவு கட்டியது. இவர் இரண்டு நாள் உறங்கவில்லை. மூன்றாம் நாள் மேலாளரிடம் சென்று தம் பிழையைச் சொன்னார். "கருவி கெடவில்லை சாமி, கம்பியும் கெடவில்லை. நான் வைத்த பெயர்தான் பொய் சொல்லிற்று" என்றார்.

அதன்பின் பழைய விபத்துகளைப் பற்றித் தேடித்தேடிப் படித்திருக்கிறார். 1979 மார்ச் 28இல் பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில், ஓர் அடைப்பிதழின் விளக்கு அணைந்தது. மூடிக்கொண்டதென்று பணியாளர் நம்பினர். விளக்கு காட்டியதோ மூடச் சொல்லிக் கட்டளை போயிற்று என்பதை மட்டுமே. இதழ் திறந்தபடி சிக்கியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேற, உலையின் கருவில் ஏறக்குறையப் பாதி உருகிற்று. கட்டளையை நிறைவேற்றமெனக் கொள்வதில் பங்குப் பேரவைத் தீர்மானங்களை எழுதும் நாங்களும் தேர்ந்தவர்களே.

இப்போது அவர் திரையை நம்புவதில்லை. தொட்டியடியில் ஒருவரை நிறுத்தி, மட்டத்தைச் சிறிது ஏற்றி இறக்கச் சொல்கிறார். அந்தப் பெயருக்கு எதிரேயுள்ள எண் மட்டும் அசைகிறதா என்று பார்க்கிறார். அறுநூறுக்கு மேற்பட்ட பெயர்கள். ஞாயிறு திருப்பலி முடிந்ததும், பாதம் வெந்தவர் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போகிறார். முதல் முறை அவர் மனைவி கதவைத் திறக்கவில்லையாம்.