தந்தையார் விட்டுச் சென்ற வண்டி

பெற்றோர் விட்டுச் சென்ற பொருளைப் பேணுவதும் ஒருவகைப் பிதிர்க்கடனே என்பது என் எண்ணம். என் தந்தையார் 1962 இல் வாங்கிய மோரிஸ் மைனர் கார், யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் இன்றும் நிற்கிறது. பாடசாலைக்கும் கோயிலுக்கும் எங்களைச் சுமந்த வண்டி அது. 1990 களில் பெற்றோல் அரிதாகிய நாட்களில் மண்ணெண்ணெயிலும் ஓடித் தன் கடமையைச் செய்தது.

தந்தையார் காலமான மறு வருடம், 2012 இல், அதன் கியர் பெட்டி பல்லுடைந்து போயிற்று. "இரும்பு விலைக்குக் கொடுத்துவிடு" என்றனர் உறவினர். அம்மா மாத்திரம் ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் வண்டியின் தூசியைத் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதன்பின் அதை விற்க எனக்கு மனம் வரவில்லை.

பழைய டட்சன் 1200 காரின் கியர் பெட்டி ஒன்று அகப்பட்டது. இடைத்தகடு ஒன்று செய்வித்து, அதனை எஞ்சினோடு பொருத்தியாயிற்று. வேலை முடிந்ததென்று மகிழ்ந்தேன். ஆனால், கியர் பெட்டியின் சுழற்சியைப் பின்னச்சுக்குக் கொண்டு செல்லும் நீண்ட குழாய்த் தண்டு, அதாவது 'புறொப்பெலர் சாப்ட்', புதிய பெட்டிக்கு நீளம் கூடியதாகவும் முனை பொருந்தாததாகவும் இருந்தது. முன்னுக்கு டட்சன் முனையும் பின்னுக்கு மோரிஸ் முனையும் வைத்து, நடுக்குழாயை அளவாக வெட்டி ஒட்டவேண்டும்.

தந்தையாருக்குப் பழக்கமான முதிய மெக்கானிக் ஒருவர் அயலில் இருந்தார். அவரைக் கேளாமல், வண்டியை ஜாக்கியில் தூக்கி நானே அளந்தேன், அவசரப்படுத்தி ஒட்டுவித்தேன். அம்மாவை ஏற்றிக்கொண்டு நல்லூருக்குப் புறப்பட்டேன். 30 மைல் வேகத்தை எட்டியதும் வண்டி நடுங்கத் தொடங்கியது. அம்மா ஆசனத்தை இறுகப் பற்றிக்கொண்டு, "அப்பா ஓடேக்கை இப்பிடி ஆடுறேல்லை, தம்பி" என்றார். அச்சொல் என்னைச் சுட்டது.

மறுநாள் அம்முதியவரிடம் போனேன். அவர் வண்டியின் கீழே படுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இரண்டு பக்கத்து ஜொயின்ற்றும் ஒண்டுக்கொண்டு முறுகி நிக்குது" என்றார்.

அதன் காரணத்தை அன்றுதான் அறிந்தேன். சாய்ந்து சுழலும் மூட்டு, ஒரு சுற்றிலேயே இருமுறை விரைந்தும் இருமுறை தளர்ந்தும் சுழற்சியை அனுப்புகிறது. தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே நேராக நின்று, இரு சாய்வுகளும் சமமாக இருந்தால், ஒன்றன் ஏற்றத்தை மற்றையது இறக்கிவிடும். முறுகி நின்றால் குறை குறையோடு கூடிவிடும்.

நான் அளந்த முறையும் பிழை. சக்கரங்கள் நிலத்தில் ஊன்றி வண்டியின் பாரம் வில்லுகளில் இறங்கியிருக்கும்போதே அளக்கவேண்டும். "வெட்டின இரும்பு வளராது" என்று கூறி அவர் புதுக் குழாய் எடுப்பித்தார். பள்ளம் திட்டியில் பின்னச்சு ஏறி இறங்குமாதலால், வழுக்கும் முனைக்கு ஓர் அங்குலமளவு இடம் விட்டார். கவைகளை நேர்பார்த்து ஒட்டுவித்து, தண்டைச் சுழற்றி நிறை சமன் செய்வித்தார். கூலி கேட்டபோது, "கொப்பற்ரை வண்டி தானே" என்று பாதியே வாங்கினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மீண்டும் நல்லூருக்குப் புறப்பட்டோம். 30 மைலைத் தாண்டியும் வண்டி நடுங்கவில்லை. அம்மாவின் கைகள் ஆசனத்தை விட்டு மடியில் அமைதியாக இருந்தன.

வெட்டுமுன் அளக்கவேண்டும், அளக்குமுன் அறிந்தவரைக் கேட்கவேண்டும். தந்தையார் அந்த வண்டியோடு எனக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவே.