ஈட்டியை வீட்டில் வையுங்கள்

சனி, ஞாயிறில் நண்பர்களோடு மெர்சிங் போய், புலாவ் திங்கிக்குப் படகேறும் அன்பர்களே, மீன் குத்தும் ஈட்டித் துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 1994 முதல் அத்தீவைச் சுற்றி 2 கடல் மைல் வரை கடல் பூங்கா. 1985ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டப்படி, அனுமதியின்றி அங்கே அதை வைத்திருப்பதே குற்றம். எங்களோடு வந்த ஒருவன் சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கிய ஈட்டியோடு வந்தான். மலாய்ப் படகோட்டி ஏற்றவே மாட்டேன் என்றுவிட்டார். பாவம்தான், ஆனால் பெரியவர் செய்தது சரி.

ஏன் தெரியுமா? ஈட்டிக்காரன் கண் பெரிய கெராப்பு மீன்மேல்தான் போகும். கெராப்பு பெண்ணாக வளர்ந்து, பெருத்தபின் ஆணாக மாறும் இனம். பெரியவற்றையே குத்திக்கொண்டிருந்தால் முட்டையிடும் மீன்களுக்குத் துணை ஏது?

தூண்டில் ஆசையா? பூங்கா எல்லையைத் தாண்டிப் போடுங்கள். நவம்பரில் வாடைக்காற்று தொடங்கிவிட்டால் அதுவும் வேண்டாம்.