அண்ணாவின் சீடியும் என் ரேப்பும்

லண்டனில் நாங்கள் முதலில் இருந்தது ஒரு சாமான் கடைக்கு மேலே, இரண்டு அறை வீட்டில். குசினியில் அம்மா வெங்காயம் வதக்கும் மணமும் கீழே கடைக் கருவாட்டு மணமும் படியில் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்து அறைதான் அண்ணாவுடையது. அண்ணா என்றால் பெரியம்மாவின் மகன். இரவில் பெற்றோல் ஸ்ரேசன் வேலை. விடிய வந்து, சப்பாத்துக் கழற்றுமுன்பே ஒரு பாட்டுப் போட்டுவிடுவார்.

1992 தொடக்கத்தில் அவர் கொண்டுவந்த சீடியின் அட்டையில், நீலத் தண்ணீருக்குள் உடுப்பில்லாத ஒரு குழந்தை, தூண்டிலில் மாட்டிய டொலர் தாளைப் பார்த்து நீந்தியது. நிர்வாணா என்ற ரொக் குழுவின் ‘நெவர்மைண்ட்’. அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ஐயோ, பிள்ளை தண்ணி குடிச்சிடுமே, தாய் எங்க போட்டா?” அதன்பிறகு தூசு தட்டும்போதெல்லாம் அந்த முகத்தைச் சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்துவிடுவார்.

எனக்கு அப்போது மைக்கல் ஜாக்சன்தான் எல்லாம். அவருடைய ‘டேஞ்சரஸ்’ அமெரிக்காவில் இருந்த முதலிடத்தை அந்த ஜனவரியில் பிடித்தது இந்த இசைத்தட்டுத்தான் என்று அண்ணா சொன்னதும் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் கதவடியில் நின்று கேட்டேன். நாலாம் நாள் கட்டிலிலேயே ஏறி இருந்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை, பன்னிரண்டாவது பாட்டில் செலோ முனகி அடங்கியது. அண்ணா குளிக்கப் போயிருந்தார். பாட்டு முடிந்தும் பிளேயரில் எண்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்க, நான் புட்டுக் கோப்பையோடு அதைப் பார்த்தபடி இருந்தேன். அம்மா அரிசி களையும் சத்தம், கடைக்கதவு மணி, பஸ்ஸின் பெருமூச்சு என்று பத்து நிமிடம் போயிருக்கும். திடீரென்று அறை இடிந்ததுபோல் கித்தாரும் டிரம்ஸும் சேர்ந்து வெடித்தன. கோப்பை விழுந்தது. “மெசின் எரியுது, வயரைப் புடுங்கு!” என்று அம்மா ஓடிவந்தார். தலை ஈரத்தோடு வந்த அண்ணா சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டார்.

அது அட்டையில் பெயர் போடாமல் ஒளித்து வைத்த ‘எண்ட்லெஸ், நேம்லெஸ்’. ‘லித்தியம்’ பாட்டைப் பதியும்போது சரிவராத கோபத்தில் அடித்துத் தீர்த்தது. அண்ணாவின் கூட்டாளியிடம் இருந்ததும் அதே அட்டை, அதே குழந்தை. ஆனால் அதில் அந்தச் சத்தம் வரவேயில்லை. பாட்டு முடிந்ததும் தட்டு நின்றுவிட்டது. மூன்று பேரும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். மாஸ்டரிங்கில் தவறுதலாக விடுபட்டு முதல் பிரதிகள் அப்படியே கடைக்குப் போய்விட்டன என்றும், பிறகுதான் சேர்த்தார்கள் என்றும் வளர்ந்தபின் வாசித்தேன்.

எனக்கென்று ஒன்று வேண்டுமென்று நச்சரித்ததில், அண்ணா 90 நிமிட ரேப் ஒன்றில் பதிந்து தந்தார். பன்னிரண்டு பாட்டுக்கும் 42 நிமிடச் சொச்சம். ஒரு பக்கத்தில் 45. அந்த மௌனத்துக்கும் வெடிப்புக்கும் இடமில்லை. மறுபக்கத்தில் அம்மாவுக்காக இளையராஜா. நீல மையால் இரண்டு பெயரையும் அவரே எழுதினார், நிர்வாணாவுக்குத் தமிழில் மூன்று சுழி ‘ண’ போட்டு.

2011இல் இருபதாம் ஆண்டுப் பெட்டி வந்தபோது வாங்கினேன். நாலு சீடி, ஒரு டிவிடி. 1990இல் அமெரிக்காவின் மடிசன் நகரில் பதிந்த முதல் வடிவங்கள், ஒத்திகைகள், இறுதிக் கலவைக்காக அன்டி வாலஸிடம் போகுமுன் தயாரிப்பாளர் பட்ச் விக் தானே செய்து வைத்திருந்த கலவை. வாலஸுடையது துலக்கிய வெள்ளிச் செம்பு. விக்குடையது குசினியில் புழங்குகிற பாத்திரம். டிரம்ஸ் பக்கத்து அறையில் அடிப்பதுபோல் கேட்கிறது. எனக்கு அதுதான் பிடிக்கிறது.

ஆனாலும் கடைசிப் பாட்டின் செலோ அடங்கியதும் என் காது அந்தப் பெட்டியில் இல்லாத ஒன்றுக்காகக் காத்திருக்கிறது: ரேப் முடிந்து ‘டக்’கென்று பொத்தான் எழும்பும் சத்தம், குசினியிலிருந்து அம்மாவின் குரல், “முடிஞ்சுதே பிள்ளை? இனி என்ர பக்கத்தைப் போடு.”