அந்த வயலின் எந்த ஊர்?

பதினெட்டு நிமிடம் ஓடும் பாட்டை எந்த வானொலி போடும்? 1970களில் வந்த, நீண்ட சிக்கலான உருப்படிகளைக் கொண்ட புரொக்ரசிவ் ரொக் இசைத்தட்டுகள் பல, பிறந்த நாட்டைத் தாண்டாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். என் இளவயதில் மாத்தளை ரெக்கோர்டிங் பார்களில் கசெட்டைக் கொடுத்தால் பிங்க் ஃபுளொய்ட் பதிந்து தருவார்கள். அதற்கு மேல் கேட்க வழியில்லை. இணையம் வந்த பிறகுதான் ஒவ்வொரு நாடாகத் தேடத் தொடங்கினேன்.

இத்தாலியில் லே ஒர்மே குழு இரண்டு கிரகங்களின் கதையை ஒரே இசைத்தட்டில் சொன்ன ‘ஃபெலோனா எ சொரோனா’ (1973) கிடைத்தது. ஜப்பானிலிருந்து ‘சடோரி’ (1971), துருக்கியிலிருந்து எர்கின் கொராயின் ‘எலெக்ட்ரோனிக் துர்குலர்’ (1974). இவற்றில் என்னை உலுக்கியது இந்தோனேசியாவின் ‘குரு ஜிப்சி’ (1977). சுகர்ணோவின் மகன் குரு சுகர்ணோபுத்ராவும் ஜிப்சி என்ற குழுவும் சேர்ந்து பாலித்தீவின் கமலான் இசையை ரொக்கோடு பிணைத்திருந்தார்கள். கேட்டு முடித்ததும் பொறாமையாக இருந்தது. பாலித் தீவின் கோவில் இசை இந்த வரிசையில் ஏறிவிட்டதே, நம்முடைய தவிலும் நாதஸ்வரமும் வயலினும் எங்கே?

முதலில் வீட்டைத்தான் துழாவினேன். இலங்கைத் தமிழ் பொப் இசையில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் போட்ட பாட்டுகளை இன்றைக்கும் கலியாண வீடுகளில் கேட்கிறோம். அருமையான பாட்டுகள், ஆனால் மூன்று நிமிடத்துக்குள் ஆட வைத்துவிட்டு முடிந்துவிடும். நான் தேடியது அதுவல்ல.

எங்கள் மாத்தளை மாவட்டத்திலேயே ஒரு இழை அகப்பட்டது. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், தன் ‘தி ஃபவுண்டன்ஸ் ஒஃப் பாரடைஸ்’ (1979) நாவலில் வரும் யக்ககல என்ற பாறைக் கோட்டையை எங்கள் சீகிரியாவைப் பார்த்தே எழுதினார். அவருடைய வேறொரு நாவலை இசையாக்கி மைக் ஓல்ட்ஃபீல்ட் 1994இல் ‘தி சோங்ஸ் ஒஃப் டிஸ்டன்ட் ஏர்த்’ வெளியிட்டார். சீகிரியாக் குன்றின் உச்சியில் 1982இல் டுரான் டுரான் குழு ஒரு பாட்டுக்குப் படம் பிடித்ததும் உண்டு. ஆனால் இவையெல்லாம் வெளியிலிருந்து வந்தவர்கள் நம் மண்ணைப் பார்த்த பார்வை. நம் இசை அதற்குள் இல்லை.

அது இருந்த இடம், நான் பலமுறை கேட்டும் யோசிக்காமல் விட்ட இசைத்தட்டுகளில். ஜோன் மெக்லொக்லின் மகாவிஷ்ணு ஒர்கெஸ்ட்ராவுக்குப் பிறகு தொடங்கிய சக்தி குழுவின் முதல் பதிவு, 1975 ஜூலையில் நியூயோர்க் மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் நேரடியாக எடுத்தது. ‘ஜோய்’ என்ற முதல் உருப்படி மட்டும் பதினெட்டு நிமிடம். ஸாகிர் உசேன் தபேலா, விக்கு விநாயக்ராம் கடம். கிட்டாரோடு மல்லுக்கட்டும் அந்த வயலின் எல். சங்கருடையது. கறாராகச் சொன்னால் சக்தி புரொக்ரசிவ் ரொக் அல்ல, மின்கருவிகளை விலக்கிய குழு. என்றாலும் அந்த ரசிகர்கள் விடாமல் தேடும் இசை. அதே சங்கரின் ‘டச் மீ தெயர்’ (1979) இசைத்தட்டைத் தயாரித்தவர் ஃபிராங்க் ஸாப்பா. பீட்டர் கேப்ரியலின் ‘பேஷன்’ (1989) இசையிலும் சங்கரின் வில் ஒலிக்கிறது.

சங்கரை மதராஸ்காரர் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். 1950இல் பிறந்தது அங்கேதான். வளர்ந்ததோ யாழ்ப்பாணத்தில். தந்தை வி. லட்சுமிநாராயண ஐயர் அங்கே இசை கற்பித்துக்கொண்டிருந்தார். சங்கரின் முதல் கச்சேரி ஏழு வயதில், நல்லூர்க் கந்தசுவாமி கோவிலில். இதைப் படித்த அன்று வெகுநேரம் எழும்பவே இல்லை. மாத்தளை நகரத்தை ஊடறுத்துப் போகும் ஏ-9 வீதி முடிவது யாழ்ப்பாணத்தில்தான். நியூயோர்க், லண்டன் என்று நான் துரத்திய வயலினின் பிறந்தகம் எங்கள் வீதியின் மறுமுனையில் இருந்திருக்கிறது.

1958 இனக் கலவரத்தோடு அந்தக் குடும்பம் இலங்கையை விட்டுப் போனது. அண்ணன்மார் இருவரும் வயலின் கலைஞர்களே: ‘ஏழாவது மனிதன்’ படத்துக்கு இசையமைத்த எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம். 1983 ஜூலையில் மாத்தளையில் தமிழர் கடைகள் எரிந்ததைப் பார்த்த எங்களுக்கு, ஒரு இசைக் குடும்பம் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படுவது எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. நாடு இழந்தது ஒரு வாத்தியாரை மட்டுமா?

தேடலின் விடை ‘ஹூஸ் டு நோ’ என்ற இசைத்தட்டில் இருக்கிறது. 1980இல் பதிவாகி ஜெர்மனியின் ஈ.சீ.எம். நிறுவனத்தால் வெளியானது. சங்கர் தானே திட்டமிட்டுச் செய்வித்த, இரண்டு கழுத்தும் பத்துத் தந்திகளும் கொண்ட இரட்டை வயலின், உமையாள்புரம் சிவராமனின் மிருதங்கம், ஸாகிரின் தபேலா. ஒரு பக்கம் முழுக்க ராகம் தானம் பல்லவி, மறுபக்கம் முழுக்க ‘ஆனந்த நடமாடும் தில்லை சங்கரா’. யெஸ் குழு 1972இல் இசைத்தட்டின் ஒரு பக்கத்தை ஒரே உருப்படிக்குக் கொடுத்ததைப் பெரும் துணிச்சல் என்கிறார்கள். துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் நீண்டு விரிவதும், சிக்கலான தாளக் கணக்கில் பல்லவியை வைத்துத் திருப்பித் திருப்பி அடுக்குவதும் நம் கச்சேரி மேடையில் அதற்கு முன்பே அன்றாடம் நடந்தது. ‘ஹூஸ் டு நோ’வின் கலைஞர் பட்டியலில் தாளம் போட்டவராக இன்னொரு பெயரும் உண்டு: வி. லட்சுமிநாராயணா. யாழ்ப்பாணத்தில் பாடம் சொன்ன அதே கை.

என் கணிப்பில், புரொக்ரசிவ் ரசிகர்கள் தேடித்தேடிச் சேர்க்க வேண்டிய தமிழ் இசைத்தட்டு இதுதான். ஸாப்பா தயாரித்ததை அதற்குப் பிறகு கேட்கலாம்.

லட்சுமிநாராயண ஐயரிடம் யாழ்ப்பாணத்தில் படித்தவர்கள், அவர் கச்சேரிகளைக் கேட்டவர்கள், அவர்களின் பிள்ளைகள் இன்னும் எங்கெங்கோ இருப்பார்கள். ஒரு நிகழ்ச்சி அழைப்பிதழ், ஒரு படம், வகுப்பறை ஞாபகம் எதுவாக இருந்தாலும் எழுதி வையுங்கள். யாழ்ப்பாண நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள்.