சுவருக்குள் ஒரு அடுப்பு

நம்மூரில் நடு ஹாலில் நெருப்பு வளர்ப்பது கிரகப்பிரவேசத்தன்று மட்டும்தான். அன்றைக்கும் அரை மணி நேரத்தில் கண் எரிந்து, பட்டுப்புடவைகள் உட்பட சகலரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். ஐயர் மட்டும் உள்ளே இருப்பார், அவருக்குத் தொழில். வாசல், பின்வாசல், ஜன்னல் எல்லாம் ஹோவென்று திறந்து கிடப்பதால் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை.

கனடாவில் அந்த வசதி கிடையாது. ஜனவரியில் ஜன்னலைத் திறந்தால் மூக்கு கையோடு வந்துவிடும். வீட்டையே தெர்மாஸ் ஃப்ளாஸ்க் மாதிரி இறுக்கி மூடி வைத்திருக்கிறார்கள். அப்படி மூடிய வீட்டுக்குள் சுவரில் ஒரு பள்ளம் செய்து, அதில் நெருப்பையும் வைத்து, எதிரே சோபா போட்டு உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள். இதற்குப் பெயர் கேஸ் ஃபயர்ப்ளேஸ். தமிழில் கணப்பு என்று சொன்னால் இன்னும் கொஞ்சம் சூடாக இருக்கிறது.

2023 நவம்பரில் டொரான்டோ பக்கம் அக்கா வீட்டில் ஆறு வாரம் தங்கியிருந்தபோது, அத்தான் இந்தக் கணப்புப் பைத்தியத்தின் உச்சத்தில் இருந்தார். பைத்தியத்துக்குப் பத்து வருஷப் பழக்கம். 2013 டிசம்பரில் அங்கே ஓர் ஐஸ் புயல். மழை விழுந்த இடத்திலேயே உறைந்து, மரக்கிளைகள் கம்பிகள் மேல் முறிந்து, டொரான்டோவில் மட்டும் சுமார் மூன்று லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போய்விட்டது. அங்கே வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் எரிவது பெரும்பாலும் கேஸில்தான். ஆனால் அந்தச் சூட்டை அறை அறையாகத் தள்ளுகிற மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும். அத்தானும் அக்காவும் இருக்கிற கோட்டையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு இரண்டு நாள் முட்டைகோஸ் மாதிரி படுத்திருந்தார்களாம். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் கணப்புக்கு எதிரே காலை நீட்டிக்கொண்டு புத்தகம் படித்தார். அது ஆறாத வடு.

“கரண்ட் இல்லாம அது மட்டும் எப்படி எரியுது?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அரை மணி நேரம் விளக்கினார். சாரம் இதுதான். அந்த ரகக் கணப்பில் சின்னதாக ஒரு பைலட் சுடர் எரிந்துகொண்டே இருக்கும். அது சில உலோகத் துண்டுகளைச் சூடாக்க, அதிலிருந்து அரை வோல்ட் சொச்சம் மின்சாரம் பிறக்கும். கேஸ் வால்வைத் திறந்து பிடித்துக்கொண்டிருப்பது அந்த அரை வோல்ட்தான். சுடர் அணைந்தால் வோல்ட் காலி. வால்வு தானே மூடிக்கொள்ளும். உழைத்தால்தான் அனுமதி என்கிற இந்த ஏற்பாட்டைப் பல ஆபீஸ்களுக்கு சிபாரிசு செய்யலாம்.

ஆசை பத்து வருஷம் என்றாலும் அவசரம் அந்த வருஷம்தான் வந்தது. திருநெல்வேலியிலிருந்து அத்தானின் அம்மா வந்திருந்தார். மாடிப்படி ஏற முடியாததால் பேஸ்மென்ட் அறையில் படுக்கை. இறங்குகிற படி எட்டுதான், அது பரவாயில்லை. ஆனால் பேஸ்மென்ட் என்பது பாதி பூமிக்குள் இருக்கிற அறை. குளிர் அங்கேதான் குடியிருக்கும். அத்தை மூன்று ஸ்வெட்டர், ஒரு குரங்குக் குல்லாய், அதற்கு மேல் கம்பளி என்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் ஏதோ பார்சல் வந்து டெலிவரி ஆகாமல் கிடப்பது போலிருக்கும்.

அத்தானுக்கு ஒரு நண்பர் உண்டு. சமையலறை அலமாரி, பாத்ரூம் டைல்ஸ், கார் பிரேக் எல்லாம் பார்ப்பார். வாய்தான் அவருடைய முக்கியமான கருவி. அவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“பாஸ், எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவுல குழாயே இல்லாத மாடல் கிடைக்குது. கார்ல போட்டு எடுத்துட்டு வந்துருவேன். சுவரை உடைக்க வேணாம், புகைக்குழாய் வேணாம். சூடு அவ்வளவும் வீட்டுக்குள்ளயே நிக்கும். செலவு பாதி.”

பாதி என்ற சொல்லைக் கேட்டதும் அத்தான் முகத்தில் பைலட் சுடர் எரிந்தது. அக்காதான், “இன்னொரு ஆளையும் கூப்பிட்டுக் கேளுங்க. உங்கம்மா படுக்கிற ரூமு” என்றாள்.

இன்னொரு ஆள் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். காலணியைக் கழற்றுவதற்கு முன்பே ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். ஒன்டாரியோ மாகாணத்தில் கேஸ் வேலை செய்கிறவர்களுக்கு டி.எஸ்.எஸ்.ஏ. என்கிற அமைப்பு சான்றிதழ் தருகிறது. ஜி-2 வகை என்றால் 4 லட்சம் பி.டி.யூ. வரையிலான சாதனங்களில் தனியாகக் கைவைக்கலாம். சான்றிதழ் இல்லாவிட்டால், சொந்த வீடாக இருந்தாலும் சொந்தக்காரரே கேஸ் குழாயைத் தொடக்கூடாது. நான் இதுவரை கேஸ் அடுப்பு ரிப்பேர்காரர் யாரிடமும் அட்டை கேட்டதில்லை. நீங்கள் கேட்டிருந்தால் உங்களுக்கு ஒரு நமஸ்காரம்.

குழாய் இல்லாத மாடல் பற்றி அத்தான் மெல்ல ஆரம்பித்தார்.

“உது இஞ்ச சரிவராது அண்ணை. கனடாவில வீட்டுக்குள்ள உதுக்கு அனுமதி இல்லை” என்றார் அவர்.

“சூடு முழுக்க உள்ளயே நிக்கும்னு சொன்னாரே?”

“சூடு நிக்கும்தான். எரிஞ்சு முடிஞ்ச காத்து எங்க போகும்? அதுவும் உள்ளுக்கதானே நிக்கும்? அம்மா இந்த அறையிலதானே படுக்கிறவ?”

அத்தான் பதில் சொல்லவில்லை. பைலட் அணைந்துவிட்டது.

அவர் சொன்ன ஒரு கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. பிறகு நானும் பென்சிலோடு உட்கார்ந்து சரிபார்த்தேன். 30,000 பி.டி.யூ. கணப்பு என்பது, 1000 வாட் இஸ்திரிப்பெட்டி ஒன்பதை ஒரே சமயத்தில் போட்டது மாதிரி. கேஸ் எரியும்போது கரியமில வாயு மட்டுமில்லை, தண்ணீரும் ஆவியாக வரும். இந்த அளவுக் கணப்பு ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு லிட்டருக்கு மேலேயே தண்ணீர். குழாய் இல்லையென்றால் அவ்வளவும் மூடிய பேஸ்மென்ட் சுவரில்தான் போய் உட்காரும். ஒரு மாதத்தில் சுவரில் பூஞ்சை விவசாயம் பண்ணலாம்.

இதையெல்லாம் விட மோசமானது கார்பன் மோனாக்சைடு. காற்று போதாமல் எரிகிற எந்த நெருப்பும் அதைத் தயாரிக்கும். நிறமில்லை, வாசனையில்லை, கண் எரியாது. நம் ரத்தத்து ஹீமோகுளோபினுக்கு ஆக்ஸிஜனை விட அதன்மேல் இருநூறு மடங்குக்கும் மேல் பிரியம். அது வந்து உட்கார்ந்துவிட்டால் ஆக்ஸிஜனுக்கு ஸீட் கிடைக்காது. தலைவலி, வாந்தி, மயக்கம் என்று ஃப்ளூ ஜுரம் மாதிரிதான் ஆரம்பிக்கும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது.

டொரான்டோவுக்குத் தென்மேற்கே வுட்ஸ்டாக் என்று ஓர் ஊர். 2008 டிசம்பரில் அங்கே ஒரு வீட்டில் போலீஸ் அதிகாரியாக இருந்த தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள், நான்கு பேரும் இப்படிப் போனார்கள். கேஸ் கணப்பின் புகைபோக்கி அடைத்திருந்தது. வீட்டில் அபாயமணி இல்லை. அந்தத் தாயின் சித்தப்பா முறை உறவினர் ஒருவர் தீயணைப்பு வீரர். வேலை முழுவதும் ஊரார் வீட்டு நெருப்போடு போராடியவர். அவர் வருஷக்கணக்கில் நடையாய் நடந்ததில் 2013-இல் ஹாக்கின்ஸ்-ஜின்யாக் சட்டம் என்று ஒன்று நிறைவேறியது. 2014 முதல், ஒன்டாரியோவில் கேஸ் சாதனம் உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அபாயமணி கட்டாயம்.

கணப்பு வாங்குகிறவர்கள் எல்லோரும் கண்ணாடியைப் பார்க்கிறார்கள், ரிமோட்டைப் பார்க்கிறார்கள், சட்டத்துக்குக் கறுப்பா வெள்ளியா என்று ஒரு வாரம் சண்டை போடுகிறார்கள். அந்த யாழ்ப்பாணத்துக்காரர் இதில் எதையுமே பார்க்கவில்லை. வீட்டைச் சுற்றி வெளியே நடந்தார். ஜன்னல் எங்கே, கேஸ் மீட்டர் எங்கே, பனி எவ்வளவு உயரம் சேரும் என்று பார்த்தார். “கணப்பு எண்டால் உள்ளுக்க இருக்கிறது பொம்மை அண்ணை. வேலை முழுக்க குழாயிலதான்” என்றார்.

அந்தக் குழாய் நம் டிபன் கேரியர் புத்தி போன்றது. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். உள் குழாய் வழியாக எரிந்த காற்று வெளியே போகும். வெளிக் குழாய் வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். முன்னால் கண்ணாடி ஒட்டி அடைத்திருக்கும். வீட்டுக் காற்றுக்கும் நெருப்புக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது, சூடு மட்டும் கண்ணாடி வழியாக வரும். சண்டை போட்ட சம்பந்திகள் கல்யாணம் நடத்துகிற மாதிரி. குழாயின் வாய் தரையிலிருந்தும், சேரும் பனியிலிருந்தும் குறைந்தது 12 அங்குலம் மேலே இருக்க வேண்டும். ஜன்னலிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசலில் துரத்திய ஆள் ஜன்னல் வழியாக வருவார்.

பொருத்துகிற வேலை இரண்டு நாள். கனடா வீடுகளின் சுவருக்குள் செங்கல் இல்லை, மரச்சட்டம். ஆகவே பெட்டிக்கும் மரத்துக்கும் நடுவே எத்தனை அங்குலம் விட வேண்டும் என்று கம்பெனி தரும் கையேட்டில் பக்கம் பக்கமாகப் படம். “கால் இஞ்ச்தானே” என்று இங்கே அட்ஜஸ்ட் செய்ய முடியாது. வருஷக்கணக்கில் சூடேறிச் சூடேறி உலர்ந்த மரம், பிறகு குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். பெட்டியைச் சுற்றி மரப்பலகைக்குப் பதில் சிமென்ட் பலகை அடித்தார். கணப்புக்கு மேலேயே டி.வி. மாட்ட அத்தான் ஆசைப்பட்டார். கையேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். டி.வி. எதிர்ச் சுவருக்குப் போனது. கடைசியில் கேஸ் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். அதைப் பார்த்ததும் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் தெரு சிலிண்டர்காரர் செய்கிற அதே வைத்தியம்!

பிறகு விறகு. அதாவது பீங்கான் மாதிரி ஏதோ ஒன்றில் செய்த போலி விறகு. நாலைந்து கட்டைகள், எண் போட்டு வந்தன. அவர் அடுக்கி முடித்ததும், ஒரு கட்டை கோணலாக இருக்கிறதென்று அத்தான் கலைக்கண்ணோடு கையை நீட்டினார்.

“கை வையாதேங்கோ அண்ணை!”

நானே ஓரடி பின்னால் போனேன். விஷயம் இதுதான். நம் வீட்டு அடுப்பில் நீலச் சுடர்தான் நல்லது. மஞ்சளாக எரிந்தால் பாத்திரம் கறுக்கும், பர்னரை சுத்தம் செய்யச் சொல்வார்கள். கணப்பில் விறகு எரிகிற அழகு வேண்டுமென்று வேண்டுமென்றே மஞ்சளாக எரிய விடுகிறார்கள். அது ஒரு கத்திமேல் நடக்கும் ஏற்பாடு. சுடரில் கட்டை குறுக்கே வந்தால் எரிவது அரைகுறையாகி, புகைக்கரியும் கார்பன் மோனாக்சைடும் கூடும். படத்தில் போட்டபடிதான் கட்டை இருக்க வேண்டும். கலைக்கு இடமில்லை.

கண்ணாடி இன்னொரு சமாசாரம். எரியும்போது அதன் சூடு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும், அணைத்த பிறகும் வெகுநேரம் இருக்கும். குழந்தைகளுக்கு நெருப்பென்றால் கையை வைத்துப் பார்த்துவிட வேண்டும். அதனால் 2015-க்குப் பிறகு வரும் கணப்புகளில் முன்னால் கம்பிவலைத் தடுப்பு சேர்த்தே தருகிறார்கள். “பார்க்க நல்லாயில்லையே, கழட்டிடலாமா?” என்றார் அத்தான். அக்கா தன் நாலு வயதுப் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். வலை அங்கேயே இருக்கிறது.

நமக்கெதற்குக் கணப்பு என்று பக்கத்தைத் திருப்புகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். உங்கள் பாத்ரூமில் கேஸ் கீஸர் இருக்கிறதா? கீஸரை உள்ளே மாட்டி, மார்கழிக் குளிருக்கு வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்து, கதவைத் தாழ்ப்பாள் போட்டுப் பாட்டுப் பாடிக் குளிக்கிறோமே, அதுவும் குழாய் இல்லாத மாடல்தான். குளிக்கப் போனவர் வெளியே வரவில்லை என்று ஒவ்வொரு குளிர்காலமும் பேப்பரில் செய்தி வருகிறது. ‘கசிந்தால் வாசனை வருமே’ என்பார்கள். கசிகிற கேஸுக்குத்தான் வாசனை. அதற்கென்றே மெர்காப்டன் என்ற நாற்றமருந்தைக் கலக்கிறார்கள். எரிந்த கேஸுக்கு அது கிடையாது. கீஸரைக் காற்றோட்டமான பால்கனியில் மாட்டி, சுடுதண்ணீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவந்தால் போதும். பிளம்பர் “எதுக்கு சார் வீண் செலவு?” என்பார். அத்தானின் நண்பர் எல்லா ஊரிலும் இருக்கிறார். ஊட்டி, கொடைக்கானல் போய் அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு தூங்குகிற கோஷ்டிக்கும் இதே சேதிதான்.

பில் வந்தது. அத்தான் அதை இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார். முதல் நாள் எரிய வைத்தபோது பெயின்ட் சூடாகி ஒரே வாடை. அது அப்படித்தான், சில மணி நேரம் ஜன்னலைத் திறந்து வைத்து எரிக்க வேண்டுமாம். வெளியே மைனஸ் நாலு டிகிரி. கணப்பு வாங்கிய முதல் நாள் நாங்கள் எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டு அதன் எதிரே நடுங்கினோம்.

மறுநாளிலிருந்து சரியாகிவிட்டது. அத்தையின் அறை வாசலில் அபாயமணி பச்சைப் புள்ளியாக மின்னுகிறது. காற்றில் 400 பி.பி.எம். சேர்ந்தால் கால் மணி நேரத்துக்குள் அலறும்; 70 என்றால் ஒரு மணி நேரத்திலிருந்து நாலு மணி நேரம் வரை பொறுத்துப் பார்த்து அலறும். கடிகாரம் என்று நினைத்து அத்தை அதில் இரண்டு நாள் மணி பார்க்க முயன்றார். பனி கொட்டிய காலைகளில் அத்தான் காரைத் தோண்டி எடுப்பதற்கு முன்னால் மண்வெட்டியோடு வீட்டுக்குப் பின்னால் போய்க் குழாயின் வாயைப் பார்த்துவிட்டு வருகிறார்.

நான் கிளம்புகிற வாரம் அத்தை மூன்று ஸ்வெட்டரில் இரண்டைக் கழற்றியிருந்தார். குல்லாய் போய்விட்டது. கணப்பையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் மகனைக் கூப்பிட்டார்.

“ஏலே, இதுல ஒரு கத்திரிக்கா சுட முடியுமா?”

“முடியாதும்மா. கண்ணாடி போட்டு அடைச்சிருக்கு. திறக்கக் கூடாது.”

“பிறகு எதுக்குலே இம்புட்டுச் செலவு?” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.